வீட்டை அழகுபடுத்தும்போது எல்லாரும் செய்யற தப்புகள்: எதை முதல்ல செய்யணும், எதைக் கடைசில செய்யணும்னு ஒரு முழு வழிகாட்டி

மூணு பேர் தூக்கிட்டு வந்த சோஃபா படிக்கட்டு திரும்புற எடத்துல சிக்கிக்கிச்சு. மேல ஒருத்தர், கீழ ஒருத்தர், நடுவுல ஒரு தம்பி சுவரோட ஒட்டிக்கிட்டு "அண்ணே கொஞ்சம் சாய்ங்கண்ணே, இன்னும் கொஞ்சம்"னு சொல்லிட்டே இருக்கார், கைப்பிடிக் கம்பில துணி உரசுற சத்தம் வேற. காலெல்லாம் கழட்டிப் பாத்தோம், 4 இஞ்ச் மிச்சமாச்சு, பத்தல. அரை மணி நேரம் அல்லாடிட்டு வந்த வழியே திருப்பி அனுப்பினேன். நான் ஹாலை அளந்திருந்தேன், சோஃபாவையும் அளந்திருந்தேன், ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வழியை மட்டும் அளக்கல.

இதை ஏன் சொல்றேன்னா, வீட்டு அலங்காரம் சொதப்பினா உடனே "எனக்கு டேஸ்ட் இல்லைங்க"ன்னு நிறைய பேர் சொல்லிடறாங்க. டேஸ்ட் எல்லாம் நல்லாத்தான் இருக்கும், தப்பு பெரும்பாலும் வரிசைல தான். முதல்ல பெயிண்ட் அடிச்சிடறது, அப்புறம் அதுக்கு மேட்ச்சா சோஃபா தேடி அலையறது, அப்புறம் சோஃபா வச்ச எடத்துல தான் பிளக் பாயின்ட் இருக்குன்னு கண்டுபிடிக்கறது. அதனால தப்புகளை மட்டும் லிஸ்ட் போடாம எந்த வரிசைல போனா அந்தத் தப்பு வராதுன்னு சொல்றேன்.

படி 1: கொஞ்ச நாள் எதையும் வாங்காதீங்க

புது வீட்டுக்குப் போனதும் கை பரபரன்னு தான் இருக்கும். ஒரு ரெண்டு வாரம் இருக்கறதை வச்சு ஓட்டுங்க. காலைல வெயில் எந்த ஜன்னல் வழியா வருது, சாயங்காலம் எந்த ரூம் சீக்கிரம் இருட்டாகுது, சாவி எங்க போடறோம், பை எங்க வைக்கறோம், துவைச்ச துணி மடிக்கறவரைக்கும் எங்க குவியுதுன்னு சும்மா கவனிங்க. துணி எந்த நாற்காலில குவியுதோ அங்க தான் உங்களுக்கு ஸ்டோரேஜ் பத்தலன்னு அர்த்தம். அலங்காரம்னு நினைச்சு நாம வாங்கற பாதிப் பொருளுக்கு முன்னாடி ஒரு மூடி போட்ட பெட்டியும் ஒரு செருப்பு ஸ்டாண்டும் தான் தேவைப்படும்.

படி 2: டேப்பை எடுங்க

ரூம் நீளம், அகலம், உயரம் எல்லாரும் அளப்பாங்க. விட்டுப்போறது இதெல்லாம்: ஜன்னல் தரையிலிருந்து எவ்வளவு உயரத்துல ஆரம்பிக்குது, கதவு எந்தப் பக்கம் திறக்குது, சுவிட்ச் போர்டும் பிளக் பாயின்ட்டும் மூலைலருந்து எவ்வளவு தூரம், சுவர்ல தூண் துருத்திக்கிட்டு இருக்கா. எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல வரைஞ்சு போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, கடைல நிக்கும்போது தான் அது வேணும், வீட்ல டிராயர்ல இருந்து என்ன புண்ணியம்.

அப்புறம் வழி. கதவை அளக்கும்போது நிலையோட அகலத்தை அளக்காதீங்க, கதவை முழுசாத் திறந்து வச்சு, திறந்த கதவுக்கும் எதிர்ப்பக்க நிலைக்கும் நடுவுல எவ்வளவு இருக்குன்னு அளங்க, ஏன்னா 36 இஞ்ச் கதவுன்னு சொன்னாலும் கதவோட தடிமன், கீல் எல்லாம் போக 33, 34 இஞ்ச் தான் கைல நிக்கும். லிஃப்ட் இருந்தா அதோட கதவும் உள் உயரமும், படிக்கட்டுன்னா திரும்புற எடத்தோட அகலம், மேல தலை இடிக்கற உயரம். சோஃபாவுக்கு நீளம், உயரம், ஆழம் பத்தாது, கடைக்காரர்ட்ட கால் கழட்ட முடியுமா, முதுகுப்பகுதி தனியா வருமான்னு கேளுங்க. செங்குத்தா நிக்க வச்சு உள்ள கொண்டு போறதா இருந்தா சோஃபாவோட நீளம் தான் அப்போ உயரம், 7 அடி சோஃபா 7 அடிக் கதவுல நேரா நுழையாது, சாய்க்கணும், சாய்க்கறதுக்கு உள்ளயும் எடம் வேணும்.

படி 3: வாங்கறதுக்கு முன்னாடி தரைல வரைஞ்சு பாருங்க

இந்தக் கட்டுரைல ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்வேன்னா இதைச் செய்ங்க. மாஸ்கிங் டேப் ஒரு ரோல் வாங்கி சோஃபா, டீப்பாய், கட்டில், டைனிங் டேபிள் எல்லாத்தையும் நிஜ அளவுல தரைல ஒட்டுங்க. டேப் இல்லன்னா பழைய நியூஸ் பேப்பரை வெட்டிப் போடுங்க. ரெண்டு நாள் அப்படியே விட்டு, அந்தக் கோட்டை மிதிக்காம வீட்ல நடமாடிப் பாருங்க. ராத்திரி தூக்கக் கலக்கத்துல பாத்ரூம் போகும்போது கோட்டை மிதிச்சீங்கன்னா நாளைக்கு அதே எடத்துல கட்டில் மூலைல சுண்டு விரலை இடிச்சுப்பீங்க.

எவ்வளவு எடம் விடணும்னு கேட்டா இது போதும்: எல்லாரும் போய் வர்ற வழிக்கு 30லருந்து 36 இஞ்ச். சோஃபாவுக்கும் டீப்பாய்க்கும் நடுவுல 16லருந்து 18 இஞ்ச், அதுக்கு மேல போனா டம்ளரை வைக்க எந்திரிக்கணும், கம்மியானா முட்டி இடிக்கும். டைனிங் டேபிள் விளிம்புக்கும் சுவருக்கும் 36 இஞ்ச், அப்போ தான் ஒருத்தர் உக்காந்திருக்கும்போதே நாற்காலியைப் பின்னால தள்ளி எந்திரிக்க முடியும். கட்டில் பக்கத்துல குறைஞ்சது 24 இஞ்ச். பீரோ, வார்ட்ரோப் இருந்தா அதோட கதவு திறக்கற அரைவட்டத்தையும் டேப்ல ஒட்டுங்க, இதை மறந்துட்டு கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவுல பக்கவாட்டுல நுழைஞ்சு துணி எடுக்கற வீடுகளை நிறைய பாத்திருக்கேன்.

டேப் ஒட்டும்போதே இன்னொரு வேலை, எந்த பிளக் பாயின்ட் சோஃபாவுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்குது, கட்டில் பக்கத்துல சார்ஜர் போட எடம் இருக்கா, டைனிங் டேபிளுக்கு நேர் மேல லைட் பாயின்ட் இருக்கா, இல்ல ஒரு அடி தள்ளி இருக்கான்னு குறிச்சுக்கோங்க. இதெல்லாம் பெயிண்டுக்கு முன்னாடி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டா ஒரு நாள் வேலை. பெயிண்டுக்கு அப்புறம்னா சுவரை வெட்டணும், பூசணும், பட்டி பாக்கணும், திரும்ப அடிக்கணும், இல்லன்னா காலம் பூரா எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தான்.

படி 4: சுவருக்கு என்ன நோய்னு பாருங்க

ஓதம் அடிக்கற சுவர் மேல எவ்வளவு ஒசத்தி பெயிண்ட் அடிச்சாலும் ஆறு மாசத்துல கொப்பளம் கட்டி உதிரும். தண்ணி எங்கருந்து வருது, பைப்பா, பாத்ரூம் பக்கத்துச் சுவரா, வெளிச்சுவர் விரிசலான்னு பாத்து அதை முதல்ல அடைக்கணும். வால்பேப்பர் ஒட்டி மறைச்சுக்கலாம்னு தோணும், ஒட்டாதீங்க, உள்ள பூஞ்சை வளர்ந்து வாசம் வரும். புதுசா சிமென்ட் பூசின சுவருன்னா குறைஞ்சது 28 நாள் காய விடுங்க.

படி 5: பெரிய சாமான்

ஷோரூம்ல சின்னதா தெரிஞ்ச சோஃபா வீட்டுக்கு வந்ததும் யானை மாதிரி நிக்கும். ஷோரூமோட கூரை உயரம், எடம் தாராளம், அங்க எதுவுமே சின்னதாத்தான் தெரியும். கண்ணை நம்பாதீங்க, தரைல ஒட்டின டேப்பை நம்புங்க. அதுக்குன்னு சின்ன ரூமுக்கு எல்லாமே குட்டி குட்டியா வாங்கறதும் தப்பு தான், ஏழு குட்டிச் சாமான் இருக்கற ரூமை விட மூணு ஒழுங்கான சாமான் இருக்கற ரூம் பெருசாத் தெரியும்.

சோஃபா, டீப்பாய், டிவி யூனிட், கார்னர் டேபிள் எல்லாம் ஒரே செட்டா வாங்கிடற பழக்கம் இருக்கு பாருங்க, தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா வீடு கேட்டலாக் மாதிரி ஆயிடும். ஒண்ணை மட்டும் முக்கியமா வச்சுக்கிட்டு மத்ததை வேற வேறயா எடுங்க, மரத்தோட நிறமோ கால்களோட வடிவமோ ஏதாவது ஒண்ணு பொதுவா இருந்தா போதும். டீப்பாய் உயரம் சோஃபா சீட் உயரத்துக்குச் சமமா இல்ல ஒண்ணு ரெண்டு இஞ்ச் கம்மியா இருக்கணும், நீளம் சோஃபால மூணுல ரெண்டு பங்கு.

எல்லாத்தையும் சுவரோட ஒட்டித் தள்ளி வைக்கறது அடுத்த தப்பு. நடுவுல காலியா விட்டா ரூம் பெருசாத் தெரியும்னு நினைக்கறோம், நிஜத்துல பஸ் ஸ்டாண்ட் வெயிட்டிங் ரூம் மாதிரி ஆயிடுது, எதிர் எதிர்ல உக்காந்து கத்திப் பேசணும். ஒரு 4 இஞ்ச் முன்னால இழுத்துப் பாருங்க, வித்தியாசம் தெரியும். உயரமான புக் ஷெல்ஃப், டிராயர் யூனிட் மட்டும் இதுக்கு விதிவிலக்கு, அது சுவரோட ஒட்டித்தான் இருக்கணும், பிராக்கெட் போட்டு ஸ்க்ரூ அடிச்சிருக்கணும். சின்னப் பசங்க டிராயரைப் படியாக்கி ஏறுவாங்க, மொத்தமும் மேல சாஞ்சிடும்.

டிவியை ரொம்ப மேல மாட்டாதீங்க. உக்காந்திருக்கும்போது கண்ணு தரையிலிருந்து சுமார் 40, 42 இஞ்ச்ல இருக்கும், டிவியோட நடுப்பகுதி அந்த உயரத்தை ஒட்டி வந்தா கழுத்து தப்பிக்கும். 55 இஞ்ச் டிவின்னா சுமார் 7 அடி தள்ளி உக்காரலாம்.

படி 6: கலரைத் தேர்ந்தெடுக்கறது கடைசில, அடிக்கறது முன்னாடி

குழப்பமா இருக்கா, சொல்றேன். பெயிண்ட் ஆயிரக்கணக்கான ஷேட்ல கிடைக்கும், மிக்ஸிங் மெஷின்ல எது வேணும்னாலும் கலந்து தருவாங்க. சோஃபா துணியும் தரைல விரிக்கற ரக்கும் அப்படி இல்ல, பத்து பதினஞ்சு கலர் தான். அதனால துணி, கர்ட்டன், ரக் முடிவு பண்ணிட்டு, அதோட சாம்பிள் துண்டைக் கைல வச்சுக்கிட்டு பெயிண்டைத் தேடணும், சாமான் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி அடிச்சு முடிச்சிடணும்.

நான் ஒரு தடவை ஷேட் கார்டுல தபால் தலை சைஸ்ல பாத்து அருமையான சாம்பல் கலர் எடுத்தேன். நேரா வெயில் படாத பெட்ரூம். அடிச்சு முடிச்சு மறுநாள் காலைல பாத்தா சுவர் நீலம். சாம்பல் இல்லைங்க, நீலம். பெயிண்டர் கிட்ட டப்பாவை மாத்திட்டீங்களான்னு கேட்டேன், அவரு சிரிச்சிட்டார். நேர் வெயில் வராத ரூமுக்குள்ள வர்றது வானத்தோட வெளிச்சம், அதுல நீலம் கூட இருக்கும், அந்தச் சாம்பலுக்குள்ள ஏற்கெனவே லேசா நீலம் ஒளிஞ்சிருந்தது, ரெண்டும் கூட்டு சேந்துக்கிச்சு.

இது ஒண்ணும் புதுப் பிரச்னை இல்ல. பாரிஸ்ல கோப்லான்னு ஒரு நெசவுக்கூடம், சுவர்ல தொங்க விடற சித்திரத் துணி நெய்யற எடம், அங்க 1824ல செவ்ரல்னு ஒரு வேதியியலாளர் சாயப் பிரிவுக்குத் தலைமை ஏத்துக்கிட்டார். கருப்பு நூல் சாயம் சரியில்ல, வெளுத்துத் தெரியுதுன்னு புகார் வந்துக்கிட்டே இருந்திருக்கு. அவர் சோதிச்சுப் பாத்தா சாயத்துல குறையே இல்ல, கருப்பு நூல் பக்கத்துல நெய்திருந்த நீலமும் ஊதாவும் தான் அதை அப்படிக் காட்டியிருக்கு. ஒரு நிறம் எப்படித் தெரியும்ங்கறதைப் பக்கத்து நிறம் தான் முடிவு பண்ணுதுன்னு 1839ல விரிவா எழுதியும் வச்சார். உங்க க்ரீம் சுவர் அழுக்கு மஞ்சளாத் தெரியுதுன்னா பக்கத்துல பளீர் வெள்ளைக் கதவு இருக்கான்னு பாருங்க.

அதனால சாம்பிள் டப்பா வாங்கி, ரெண்டடிக்கு ரெண்டடி அட்டைல ரெண்டு கோட் அடிச்சு, சுத்தி ஒரு இஞ்ச் வெள்ளை ஓரம் விட்டு, அதை ரூம் ரூமா தூக்கிட்டு அலையுங்க. சுவர்ல நேரா அடிச்சுப் பாத்தா பழைய கலர் பக்கத்துலயே இருந்து ஏமாத்தும். காலை, மத்தியானம், ராத்திரி லைட் போட்டு, மூணு நேரமும் பாக்கணும், சோஃபா துணி சாம்பிளையும் பக்கத்துல வைக்கணும்.

ஷேட் கார்டுக்குப் பின்னாடி எல்ஆர்வின்னு ஒரு நம்பர் இருந்தா பாருங்க, அந்த நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும்ங்கற கணக்கு, கருப்பு 0, வெள்ளை 100. வெளிச்சம் கம்மியா வர்ற ரூமுக்கு 60, 70க்கு மேல எடுத்தா நல்லது. ஆனா வெளிச்சமே வராத ரூமை வெள்ளையடிச்சா வெளிச்சமாயிடும்னு நம்பாதீங்க, திருப்பி அனுப்பறதுக்கு வெளிச்சம் வரணுமே, வராத ரூம்ல வெள்ளை வெறும் மங்கலாத்தான் தெரியும். அங்க துணிஞ்சு அடர் கலர் அடிக்கறது கூட நல்லா இருக்கும்.

பளபளப்பு ஃபினிஷ் சுவரோட மேடு பள்ளத்தை எல்லாம் காட்டிக் கொடுக்கும், பளபளப்பே இல்லாத மேட் ஃபினிஷ் மறைக்கும், ஆனா மேட்ல கறை துடைக்கறது கஷ்டம். கிச்சனுக்கும் பசங்க ரூமுக்கும் நடுத்தரமா சாட்டின் மாதிரி எடுங்க.

படி 7: லைட்

கூரை நடுவுல ஒரே ஒரு டியூப்லைட், அது வெள்ளை வெளேர்னு, இது தான் நான் பாத்ததுலயே பரவலான தப்பு, எவ்வளவு செலவு பண்ணின வீடா இருந்தாலும் அந்த ஒரு லைட் எல்லாத்தையும் ஆஸ்பத்திரி ஆக்கிடும். ஒரு ரூமுக்கு மூணு விதமா வெளிச்சம் வேணும்: மொத்தமா பரவ ஒண்ணு, படிக்க, காய் நறுக்க, கண்ணாடி பாக்கன்னு வேலைக்கு ஒண்ணு, ஒரு மூலையையோ படத்தையோ காட்ட ஒண்ணு. தனித்தனி சுவிட்ச்ல இருக்கணும், ஒரே சுவிட்ச்ல மூணும் எரிஞ்சா வச்சதே வீண்.

பல்பு டப்பால ரெண்டு நம்பர் பாருங்க. ஒண்ணு கெல்வின்: 2700லருந்து 3000 இதமான மஞ்சள், ஹாலுக்கும் பெட்ரூமுக்கும். 4000 நடுத்தரம், கிச்சனுக்கும் படிக்கற டேபிளுக்கும். 6500 நல்ல வெள்ளை, வீட்டுக்குள்ள அது எங்க வேணும்னு எனக்கு இன்னும் புரியல. ஒரே ரூம்ல ரெண்டு மூணு கெல்வினைக் கலக்காதீங்க, கண்ணை உறுத்தும். இன்னொண்ணு சிஆர்ஐ, நிறங்களை எவ்வளவு உண்மையாக் காட்டுதுன்னு 100க்கு மார்க், 90 இருந்தா எடுங்க, 80 சுமார். சிஆர்ஐ கம்மியான பல்புல உங்க மரச் சாமான், துணி, ஏன் முகம் கூட செத்த மாதிரி தெரியும்.

டைனிங் டேபிள் மேல தொங்கற லைட்டோட அடிப்பகுதி டேபிள்லருந்து 30லருந்து 36 இஞ்ச் உயரத்துல இருக்கட்டும். அதுக்கு மேல போனா பல்பு கண்ல குத்தும், கீழ வந்தா எதிர்ல இருக்கறவங்க முகம் மறையும்.

படி 8: கர்ட்டனும் ரக்கும்

கர்ட்டன் கம்பியை ஜன்னல் சட்டத்து மேலயே அடிக்கறது, சட்டத்தோட அகலத்துக்கே கம்பி வெட்டறது, ஜன்னலுக்குக் கீழ கொஞ்சம் தொங்கற மாதிரி துணியை நிறுத்தறது, மூணும் சேந்தா ஜன்னல் ஷார்ட்ஸ் போட்ட மாதிரி இருக்கும். கம்பியை சட்டத்துக்கு மேல 4லருந்து 6 இஞ்ச் ஏத்துங்க, கூரை உயரமா இருந்தா இன்னும் கூட ஏத்தலாம். ரெண்டு பக்கமும் 8, 9 இஞ்ச் நீட்டுங்க, திறக்கும்போது துணி சுவர் மேல ஒதுங்கிடும், கண்ணாடி முழுசா வெளிச்சத்துக்குக் கிடைக்கும். துணி அகலம் கம்பியை விட ரெண்டு மடங்காவது வேணும். 5 அடி ஜன்னலுக்குப் பக்கத்துக்கு 9 இஞ்ச் நீட்டினா கம்பி ஆறரை அடி, துணி 13 அடி. நீளம் தரைக்கு அரை இஞ்ச் மேல நிக்கணும். காட்டன்னா தைக்கறதுக்கு முன்னாடி ஒரு தண்ணில நனைச்சு காய வச்சிடுங்க, இல்லன்னா முதல் துவையல்ல சுருங்கிப் போய் கணுக்கால் தெரியும்.

ரக் விஷயத்துல எல்லாரும் சின்னதா வாங்கித் தான் மாட்டிக்கறாங்க, ஏன்னா பெருசுக்கு விலை கூட. டீப்பாய்க்கு அடியில மட்டும் ஒரு துண்டு கிடந்தா அது கால்மிதி மாதிரி தான் தெரியும். சோஃபாவோட முன்னங்காலாவது ரக் மேல நிக்கணும், சோஃபாவை விட ரெண்டு பக்கமும் ஒரு அரையடி கூட இருக்கணும். டைனிங் டேபிளுக்கு எல்லாப் பக்கமும் 24 இஞ்ச் வெளிய வரணும், இல்லன்னா நாற்காலியை இழுக்கும்போது பின்னங்கால் விளிம்புல மாட்டி மடங்கும். அதாவது 5க்கு 3 அடி டேபிளுக்கு 9க்கு 7 அடி ரக். அவ்வளவு முடியலன்னா ரக்கே வேண்டாம், வெறுந்தரை ஒண்ணும் கேவலம் இல்ல.

படி 9: படம் மாட்டறது

கூரைக்குப் பக்கத்துல மாட்டிட்டு அண்ணாந்து பாத்துட்டு இருக்கோம். படத்தோட நடுப்பகுதி தரையிலிருந்து 57 இஞ்ச்ல வரணும், நிக்கறவங்க கண் உயரத்தை ஒட்டி. ஆணி அங்க அடிக்கக் கூடாது, கணக்கு இருக்கு: படம் 24 இஞ்ச் உயரம்னா பாதி 12, பின்னாடி இருக்கற கம்பியை விரலால மேல இழுத்துப் பிடிச்சா ஃப்ரேம் உச்சிக்குக் கீழ 3 இஞ்ச்ல நிக்குதுன்னு வைங்க, 57ம் 12ம் 69, அதுல 3 கழிச்சா 66, அந்த 66 இஞ்ச்ல ஆணி. சோஃபாவுக்கு மேலன்னா மட்டும் இந்தக் கணக்கை விட்டுட்டு, சோஃபா முதுகுக்கும் ஃப்ரேமுக்கும் 6லருந்து 8 இஞ்ச் இடைவெளி பாருங்க, படத்தோட அகலம் சோஃபால மூணுல ரெண்டு பங்கு. பெரிய சுவர்ல தனியா ஒரு போஸ்ட்கார்டு சைஸ் படம் அநாதையா தொங்க விடாதீங்க. நிறைய படம்னா ஒவ்வொண்ணோட அளவுக்கும் பேப்பர் வெட்டி, 2, 3 இஞ்ச் இடைவெளில சுவர்ல ஒட்டிப் பாத்துட்டு அப்புறம் டிரில்லை எடுங்க.

கண்ணாடி மாட்டினா ரூம் பெருசாகும்னு சொல்றாங்க, ஆகும், ஆனா அது எதைக் காட்டுதுன்னு பாத்து மாட்டுங்க. ஜன்னலைக் காட்டினா வெளிச்சம் ரெண்டாகும். துணிக் குவியலைக் காட்டினா குவியல் ரெண்டாகும்.

படி 10: குட்டிப் பொருள்கள்

இதுக்கு ரொம்ப யோசிக்க வேண்டாம். சிதறி வைக்காம ஒரு ட்ரேல மூணா சேத்து வைங்க, உயரம் வேற வேறயா இருக்கட்டும். ஷெல்ஃப்ல மூணுல ஒரு பங்கு காலியா விடுங்க. செடி வாங்கும்போது அழகைப் பாக்காம அந்த மூலைல எவ்வளவு வெளிச்சம் வருதுன்னு பாருங்க.

ஏற்கெனவே எல்லாம் வாங்கி முடிச்சாச்சே, இப்போ என்ன பண்றதுன்னு கேட்டா, முதல்ல ரூம் வாசல்ல நின்னு போன்ல ஒரு போட்டோ எடுங்க, அதை கருப்பு வெள்ளை ஆக்கிப் பாருங்க. தினம் பாத்துப் பழகின கண்ணுக்குத் தெரியாதது போட்டோல பளிச்சுன்னு தெரியும், எந்த மூலைல சாமான் நெரிசலா இருக்கு, எது மட்டும் தனியாத் துருத்துதுன்னு. அப்புறம் செலவு கம்மியானதுலருந்து ஆரம்பிங்க: சோஃபாவைக் கொஞ்சம் முன்னால இழுங்க, படத்தை இறக்குங்க, பல்பை மாத்துங்க, கர்ட்டன் கம்பியை ஏத்துங்க. பெயிண்டுக்குப் போறதுக்கு முன்னாடி இந்த நாலையும் முடிச்சிட்டு ஒரு வாரம் இருந்து பாருங்க. அந்த நீலச் சுவர் பெட்ரூமை நான் இன்னும் திரும்ப அடிக்கல, 6500 பல்பைக் கழட்டிட்டு 2700 போட்டேன், ராத்திரில சாம்பலாத்தான் இருக்கு, பகல்ல அந்த ரூமுக்குள்ள நான் போறதே இல்ல.